எங்கள் சிப் ஓடும் வண்டி

என் வேலை என்ன என்று உறவுக்காரர்கள் கேட்டால், "சண்டையைத் தீர்த்துவைக்கிறது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அது பொய்யும் இல்லை. யார் வேண்டுமானாலும் காசு கட்டாமல் எடுத்துச் சிப் செய்துகொள்ளலாம் என்று பொதுவில் விடப்பட்ட ஒரு வடிவமைப்பு இருக்கிறது. மனிதர்கள் எழுதும் நிரலை அந்தச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அதோடு சேர்ந்து ஓடும் ஆயத்தத் துண்டுகளுக்கு லைப்ரரி என்று பெயர். இரண்டையும் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள். பாதிப் பேர் சம்பளமே இல்லாமல் ஆசைக்குச் செய்கிறவர்கள். அதனால் கோபமும் அவர்களுக்கு அதிகம். இவர்களை ஒரு வழிக்குக் கொண்டுவந்து, சொன்ன நாளில் புதுப் பதிப்பை வெளியே அனுப்புவது என் பொறுப்பு. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து அதைச் செய்கிறேன். கீழ்வீட்டில் தறி ஓடுகிறது. இந்த ஊர்க்காரி எதைப் பற்றி எழுதினாலும் தறியை இழுக்காமல் விடமாட்டாள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கு அது கூட்டத்தின் நடுவில் மைக்கை அணைக்க வைக்கும் சத்தம், அவ்வளவுதான்.

என் கணவருக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை. போன வருடம் அவர் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை வைத்திருக்கும் பாய், வெளியூரிலிருந்து பாகங்களை வரவழைத்துத் தானே பூட்டி விற்கிறவர். தலைமுறை தலைமுறையாகக் கைவேலை செய்த குடும்பம். எதையும் மறைக்காமல் திறந்து காட்டுவார். சீட்டைத் தூக்கி, மோட்டாரின் வேகத்தை ஆளும் கண்ட்ரோலர் பெட்டியைக் காட்டினார். அதன் மேல் எங்கள் வடிவமைப்பின் பெயர் அச்சிட்டிருந்தது.

"பாய், இது எங்க சிப்பு!" என்று நடுக்கடையில் கத்திவிட்டேன்.

"அப்டியாமா? அப்போ உங்க வண்டிய உங்களுக்கே வித்துக்கினு இருக்குறனா நானு?" என்று சிரித்தார்.

அத்தனை வருடத்தில் என் வேலையைக் கையால் தொட்டுப் பார்த்தது அன்றுதான். பெருமை தாங்கவில்லை. பாயும் அதை விடவில்லை. வண்டி வாங்க வருகிற எல்லோரிடமும் இந்தச் சிப்பு நம்ம ஊர் பொண்ணு செய்தது என்று சொல்லிவந்தார். நான் செய்யவில்லை என்று விளக்கப் போனால் அரை நாள் ஆகும் என்று விட்டுவிட்டேன். மகள் தினமும் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து அதில் பள்ளிக்கூடம் போனாள். கொஞ்சமும் சத்தமில்லாத வண்டி. தெருமுனை திரும்பியதா இல்லையா என்று மாடியிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. எனக்கு அது மட்டும் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

எங்கள் திட்டத்தில் குறைகளைப் பதிய ஒரு பொதுப் பக்கம் உண்டு. அடுத்த பதிப்பு வெளியாகும் சமயத்தில் அங்கே ஒரு சின்ன முறையீடு வந்தது. எங்கோ ஒரு பண்ணையில் தண்ணீர் பம்ப் வைத்திருக்கும் ஆள் எழுதியிருந்தார். நில் என்று கட்டளை கொடுத்த பிறகும் எப்போதாவது ஒரு நொடி மோட்டார் வேகமெடுக்கிறதாம். எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, திரும்பச் செய்துகாட்டவும் முடியவில்லை.

கம்பைலர்க்காரர் அதைப் பார்த்தார். எங்கள் பக்கம் இல்லை, லைப்ரரியைப் பாருங்கள் என்று எழுதி மூடினார். நான் திறந்தேன். லைப்ரரியை நடத்தும் அம்மாள், எங்கள் துண்டு விதிப்படிதான் இருக்கிறது, சிப்பைப் பாருங்கள் என்று மூடினார். மறுபடி திறந்தேன். சிப் செய்கிறவர், அந்த ஆள் ஒயரிங் சரியில்லை என்று மூடினார். எங்கள் தொழிலில் இது கெட்ட எண்ணமே இல்லை. திறந்து கிடக்கும் முறையீடு எல்லோருக்கும் உறுத்தல். மூடினால் பக்கம் சுத்தமாகிவிடும், அன்றைய வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

நான் விடாமல் திறந்துகொண்டே இருந்ததற்கு என் சாமர்த்தியம் காரணமில்லை. மோட்டார் என்ற வார்த்தையைப் படித்தபோது என் ஜன்னல் வழியாகச் சார்ஜர் ஒயர் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மறுமுனையில் எங்கள் வண்டி நின்றது.

பதிப்பை நிறுத்திவைத்தேன். கம்பைலர்க்காரர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பொரிந்து தள்ளினார். ஒரு பம்புக்காக ஊரையே காக்க வைக்கிறாய் என்றார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. பம்ப் என்றால் தண்ணீரோடு போய்விடும், இதே சிப் ஓடும் வண்டியில் ஆள் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கடைசியில் அவரையும் லைப்ரரி அம்மாளையும் ஒரே அழைப்பில் உட்கார வைத்து, இருவரையும் தங்கள் விதிகளை உரக்கப் படிக்கச் சொன்னேன். படித்துக்கொண்டே வந்தவர்கள் ஒரே இடத்தில் நிறுத்தினார்கள்.

எங்கள் வீட்டில் ஊருக்குக் கிளம்பும்போது நடப்பதுதான் அங்கேயும் நடந்திருந்தது. கேஸ் சிலிண்டரை நான் மூடியிருப்பேன் என்று என் கணவர் நினைப்பார், அவர் மூடியிருப்பார் என்று நான் நினைப்பேன். பஸ் ஏறிய பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். சிப் ஒரு கணக்கில் இருக்கும்போது அவசர வேலை ஒன்று குறுக்கிடும். கையில் உள்ள எண்களை ஓரமாக எடுத்துவைத்துவிட்டு அதைக் கவனித்து, திரும்பி வந்து அதே எண்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு எண்ணை லைப்ரரி எடுத்துவைக்கும் என்று கம்பைலர் நம்பியது. கம்பைலர் எடுத்துவைக்கும் என்று லைப்ரரி நம்பியது. யாருமே வைக்கவில்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எப்போதாவது, குறுக்கே வந்த வேலை தன் எண்ணை அங்கே விட்டுவிட்டுப் போய்விடும். சிப் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடரும். பம்பில் அந்த எண்தான் வேகம். ஸ்கூட்டரிலும் அது வேகமாக இருக்கலாம்.

திருத்தம் சில வரிகள்தான். பதிப்பு வெளியானது, எல்லோரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள், முறையீடு முறையாக மூடப்பட்டது. எனக்குப் பாராட்டில் மனம் ஒட்டவில்லை. கம்பைலரைத் திருத்தினால் இனி அது செய்யப்போவது சரியாகும். ஏற்கெனவே செய்து அனுப்பியது எங்கெங்கோ ஓடிக்கொண்டே இருக்கும். எந்தப் பெட்டிக்குள் எந்தப் பதிப்பு செய்த நிரல் இருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல வழியில்லை.

பாயிடம் போனேன்.

"தப்பு இருக்குதா இல்லியாமா?" என்றார்.

"இருக்கலாம் பாய்."

"இருக்கலாம்னா நான் எத்த நம்பறது? கம்பெனிகாரன்கிட்ட இன்னான்னு சொல்றது?"

அவர் கேட்டதில் தவறே இல்லை. கண்ட்ரோலர் செய்யும் கம்பெனிக்கு நானும் எழுதினேன், பாயும் போன் செய்தார். விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது. என் கணவர் ஒரு வாரம் பஸ்ஸில் போய்வந்தார், ஒரு வாரமும் முணுமுணுத்தார். "இருக்கலாம் இருக்கலாம்னு சொல்லிக்கினு, நல்லா ஓடுற வண்டிய மூலைல போட்டுட்டியேமா" என்றார். அவருக்குத் தெருவில் வண்டி தெரிந்தது. எனக்கு அதன் பின்சீட்டில் இரட்டைச் சடை தெரிந்தது.

கடைசியில் பாயே வந்து, வேறு வகைக் கண்ட்ரோலரைப் பூட்டிக் கொடுத்தார். கழற்றிய பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இத்த கம்பெனிக்கே அனுப்பிடறேன்மா, அவங்களே பாக்கட்டும்" என்றார். எனக்கு ஒரு பாரம் இறங்கியது. அதன் பிறகும் பஜாருக்குப் போனால் பச்சை நம்பர் பிளேட் மாட்டிய எலெக்ட்ரிக் வண்டி ஒவ்வொன்றின் சீட்டையும் தூக்கிப் பார்க்கக் கை பரபரக்கும். சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து நிற்கும், போகும். நானும் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

போன மாதம் கோயிலில் உற்சவம். சந்நிதித் தெருவை அடைத்திருந்தார்கள். என் கணவருக்கு ஆபீசில் மீட்டிங். மகளைத் தோழியின் அப்பாவோடு அனுப்பச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்துவிட்டார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, சத்தமில்லாமல், ஒரு ஸ்கூட்டர் வந்து என் காலடியில் நின்றது. பின்னால் தோழி, அவளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு என் மகள். இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி புதுசா?" என்று கேட்டேன்.

"பழசுதாங்க. கண்ட்ரோலர் கெட்டுப் பூட்ச்சி, பாய் வேற போட்டுக் குடுத்தாரு. கம்பெனிக்குப் போயிட்டு வந்த பீசாம். அவங்களே செக் பண்ணி, தப்பு ஒண்ணியும் இல்லன்னு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிச்சிருக்குறாங்க. சும்மா சொல்லக் கூடாது, சூப்பரா போவுது." முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்தார். "உங்க சிப்புதானே மா அது? பாய் சொன்னாரு."

மகளைப் பிடித்து இறக்கினேன். அவளுடைய தோழி நகர்ந்து அப்பாவின் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள். அவர் கிளம்ப ஆக்சிலேட்டரை முறுக்கும் முன் நான் சாவியைத் திருகி எடுத்துவிட்டேன்.

விளையாட்டு என்று நினைத்து அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"இன்னாமா? எதுனா தப்பு இருக்குதா?"

இருக்கலாம் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இருக்குது, எறங்குங்க" என்றேன்.