கடைக்குட்டி ஒட்டிய அம்புகள்

எங்கள் வீட்டுக் கடைக்குட்டிக்குத் திசை என்பது சுத்தமாக வராது. ஒரு கடைக்குள் நுழைந்து வெளியே வந்தால், எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்றே மறந்துவிடும். அப்பாவோ முப்பது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர். வாழ்நாளில் யாரிடமும் வழி கேட்டதில்லை என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு அத்தனை பெருமை. வழி தவறிய நாட்களில்கூட, "இந்த ரோடு எப்படி இருக்குன்னு பாத்துடலாம்னுதான் வந்தேன்" என்பார். இவருக்குப் போய் இவள் எப்படிப் பிறந்தாள் என்று அம்மாவே ஆச்சரியப்படுவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்குக் கல்லூரி முடித்ததும் பயிற்சி வேலை கிடைத்த இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பெரிய கட்டடங்களுக்கு வழிகாட்டிப் பலகை வடிவமைக்கிற நிறுவனம். அதுவும் முன்பின் பார்த்திராத ஒரு பெரிய நகரத்தில்.

அப்பா நிபந்தனை போட்டுத்தான் அனுப்பினார். "தனியா சமாளிச்சா இரு. முடியலன்னா வந்து மாமா கடையில உக்காரு." மாமா விற்பது ஆணியும் தாழ்ப்பாளும். அந்தக் கடையை நினைத்தாலே இவளுக்கு முகம் தொங்கிவிடும்.

அங்கே அவள் சமாளித்த லட்சணம் எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று பெண்கள் இருக்கிற அறை. ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய். காலையில் அறையைவிட்டு இறங்கியதும் எனக்குப் போன் வரும். துணி காயப்போடுகிற சாக்கில் நான் மொட்டைமாடிக்கு ஓடுவேன். கைப்பேசியின் வரைபடத்தில் அவளைப் பார்த்தபடியே வழி சொல்லி நடத்துவேன். "மருந்துக்கடை தெரியுதா? அதுகிட்ட திரும்பு. அந்தப் பக்கம் இல்லடி, சோத்துக் கைப் பக்கம்." அம்மாவிடம் மட்டும், "ஊரே எனக்கு அத்துப்படிம்மா" என்று காதில் பூச்சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அப்பா என் போனை எடுத்துவிட்டார். "அக்கா, இன்னிக்கும் தப்பான பஸ்ல ஏறிட்டேன்" என்றது குரல். குட்டு உடைந்தது. வேறு எந்தத் தப்பாக இருந்தாலும் மன்னித்திருப்பார். பேருந்து ஓட்டுகிறவர் மகள் பேருந்து மாறி ஏறுவதா? அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னையும் கிளப்பிக்கொண்டு, அவளைக் கையோடு அழைத்துவரப் புறப்பட்டார்.

அன்று அவளுக்கு விடுமுறை இல்லை. இன்னும் திறக்காத ஒரு மருத்துவமனையில் வேலை. நேராக அங்கேயே போய் நின்றோம். நிரந்தரப் பலகைகளை மாட்டுவதற்கு முன்னால் சுவரில் காகித அம்புகளை ஒட்டி, கட்டடத்தை அறியாத ஒருவரை உள்ளே நடக்கவிட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம். கீழ்த்தளம் முழுக்க இவள் ஒட்டிய அம்புகள். இவளை நம்பிக் கொடுத்த முதல் வேலை.

"இது மட்டும் முடியட்டும்ப்பா" என்று கெஞ்சினாள்.

"முடிச்சுட்டு மூட்டையைக் கட்டு" என்றார் அப்பா.

நடந்து காட்ட வேண்டிய ஆள் வரவில்லை. எல்லோரும் மேடம் என்று கூப்பிடுகிற அவளுடைய மேலாளர், வாசலில் நின்ற அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "சார், நீங்க ஸ்கேன் ரூம் வரைக்கும் போயிட்டு வர முடியுமா? யார்கிட்டயும் கேக்கக் கூடாது."

"நான் எப்பக் கேட்டேன்?" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினார்.

கடைக்குட்டி வாசலிலேயே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓசைப்படாமல் அப்பாவின் பின்னால் போனேன். இரண்டு பாதைகள் பிரிகிற ஒரு தூணருகே மட்டும் அவர் நடை தளர்ந்தது. தலை லேசாக உயர்ந்தது. பிறகு சரியான பக்கம் திரும்பிப் போய், ஸ்கேன் அறைக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினார்.

"அம்பெல்லாம் தெளிவா இருந்துச்சா சார்?" என்று கேட்டார் மேடம்.

"எந்த அம்பு? நான் எதையும் பாக்கல. வழி தானா வந்துச்சு. இதுக்கெல்லாமா ஆள் போட்டு வேலை வாங்குறீங்க?"

தங்கையின் முகம் செத்துப்போனது. மேடமோ வாய்விட்டுச் சிரித்தார்.

"பலகையைப் பாத்தோம்கிற நினைப்பே இல்லாம போய்ச் சேரணும் சார். எங்களுக்கு வேண்டியது அதுதான். உங்க பொண்ணு வழக்கத்தைவிட அதிகமா ஒட்டியிருந்தா. ஏம்மான்னு கேட்டேன். தான் எங்கெல்லாம் முழிச்சாளோ அங்கெல்லாம் ஒட்டினதா சொன்னா. எங்க ஆளுங்க யாருக்கும் வழி தப்பாது. அதனால எங்கே தப்பும்னும் தெரியாது."

அப்பா வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். "இருங்க, வந்துடறேன்" என்று மறுபடி உள்ளே போனார். இந்தத் தடவை நான் பின்தொடரவில்லை. அவர் வர நேரமாயிற்று. வந்ததும் என்னைத்தான் பார்த்தார்.

"உங்கம்மாவுக்குப் போனைப் போடு. மாமா கடைக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு."

கடைக்குட்டிக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான். அப்பாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அந்தத் தூண்கிட்ட ஒண்ணு ஒட்டியிருக்கியே" என்றார்.

"ஆமாப்பா. அங்க வந்தா எனக்கு எப்பவும் குழம்பிடும்."

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். மேடம் எட்டத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அங்க குழம்பிடுச்சும்மா" என்றார், குரலைத் தாழ்த்தி.