சோடாக்கடையில் கால் பங்கு

பதினாறு அணா சேர்ந்தால் ரூபாய் என்று வளர்ந்தவன் நான். திருவனந்தபுரம் வந்து இத்தனை வருஷமாகியும் இந்த ஊர்க் காசான சக்கரத்தில் சில்லறை எண்ணும்போது கை தடுமாறுகிறது. ஆரல்வாய்மொழிச் சுங்கச்சாவடியைத் தாண்டித் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் வந்தால் காசு மட்டுமா மாறுகிறது? வரியும் மாறுகிறது. இன்ன தொகைக்குக் கீழே சம்பாதிப்பவனிடம் வருமான வரி கேட்பதில்லை என்கிறது இங்குள்ள சட்டம். யுத்தத்துக்கு முன் அந்த வரம்பை நான் அண்ணாந்து பார்த்தேன். அதற்கு மேலே மோட்டார் வைத்திருப்பவர்கள்தான் இருந்தார்கள். பிறகு அரிசி விலை ஏறியது, சோடா விலை ஏறியது, வரம்பு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கிழக்கேகோட்டையில் ஒற்றை மிஷினோடு சோடாக்கடை நடத்தும் நான், பழைய சோற்றைத் தின்றுகொண்டே பணக்காரனாகிவிட்டேன். என்ன அதிசயம்!

பேரேட்டோடு வரச் சொல்லி வரி ஆபீசிலிருந்து ஆள் வந்தான். எனக்குப் பயமில்லை. திருநெல்வேலியில் எங்கள் குடும்பத்தில் யார் கடை வைத்தாலும், குலதெய்வமான சாஸ்தாவைக் கால் பங்குக்காரராக எழுதிக்கொள்வோம். அந்தப் பணத்தைத் தொடமாட்டோம். பங்குனி உத்திரத்தன்று அவர் கோயிலில் கொண்டுபோய் வைப்போம். அதைக் கழித்தால் நான் வரம்புக்குக் கீழே. கழிக்காவிட்டால், வரி கட்ட என்னிடம் இருப்பது அந்தப் பணம்தான்.

அதிகாரி மலையாளி. பேரேட்டைப் புரட்டி, "ஈ பங்காளி எவிடே? ஒப்பு காணுந்நில்லல்லோ" என்று பங்குக்காரரின் கையெழுத்தைத் தேடினார்.

"அவரு சாஸ்தா, ஸார். எங்க குலதெய்வம்."

மனிதர் சட்டென்று எழுந்து கும்பிட்டார். எனக்குப் புல்லரித்தது. உட்கார்ந்த பிறகு, "க்ஷேத்ரம் எவிடெயா?" என்றார்.

"திருநெல்வேலிப் பக்கம்."

"அப்போ பிரிட்டிஷ் ராஜ்யம்." சாஸ்தாவின் பங்கைப் பேனாவால் அடித்துவிட்டு, ஓரத்தில் மலையாளத்தில் ஏதோ எழுதினார்.

"இந்த ராஜ்யமே பத்மநாப சுவாமிக்குச் சொந்தம்னு எழுதி வச்சிருக்கீக. என் சோடாக்கடையில சாஸ்தாவுக்குக் கால் பங்கு ஆகாதா, ஸார்?"

அவர் கோபிக்கவில்லை. பேரேட்டின் கூட்டலை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு, மிஷின் பழையதா என்று விசாரித்தார். ஆமாம் என்றதும் அதன் தேய்மானத்துக்கென்று ஒரு தொகையைக் கழித்தார். இரும்பு தேய்வதைக்கூட ஒரு சர்க்கார் உட்கார்ந்து யோசித்திருக்கிறதே என்று வியந்தேன். வரி குறைந்தது, ஆனால் தீரவில்லை. சாஸ்தாவின் பணத்திலிருந்துதான் கட்டினேன்.

பங்குனி உத்திரத்துக்கு மீதிப் பணத்தோடும் பேரேட்டோடும் போனேன். தலைமுறை தலைமுறையாக எங்களோடு இருக்கும் சாமியிடம் என்ன சமாதானம் சொல்வது? அதிகாரி பேரேட்டின் ஓரத்தில் எழுதியிருந்ததை மட்டும் சன்னிதியில் நின்று தமிழில் படித்துக் காட்டினேன்: கடைக்காரர், திருவனந்தபுரம் வாசி. பங்காளி, அந்நிய தேசத்தார்.