தீர்த்தக் கரையில் ஒரு மதியச் சாப்பாடு

நான் திருகோணமலையில் ஓட்டோ ஓட்டிப் பிழைக்கிறவன். கோணேசப் பெருமான் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை. ஆடி மாதம் பிறந்துவிட்டால் நிலாவெளிக் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி அடங்கிக் கிடக்கும். நாலா பக்கத்திலிருந்தும் சனம் நீந்திக் குளிக்க வரும். வருகிறவர்கள் கடலைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. குளித்து ஏறியதும், “தம்பி, இஞ்ச நல்ல சாப்பாடு எங்க எடுக்கலாம்?” என்று அதைத்தான் கேட்பார்கள். நானும் இறாலுக்கு இந்த இடம், சோற்றுப் பார்சலுக்கு அந்த இடம் என்று கொண்டுபோய் இறக்கிவிடுவேன்.

அந்த வீதியில் சாப்பாட்டுக்கு அலைவதை எனக்கு முதலில் காட்டித் தந்தவ என் அம்மா.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். நாங்கள் வெருகலுக்குக் கிட்ட, இலங்கைத்துறையில் இருந்தோம். வாசலைத் தாண்டினால் கடல். ஆனாலும் மாமா, அம்மாவின் அண்ணன், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லிலிருந்து வாடகை வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து, “வா மருமகன், நிலாவெளிக்குக் குளிக்கப் போவம். நீந்தப் பழக்கிறன்” என்றார். கடற்கரைப் பிள்ளையைக் கடலில் குளிப்பாட்ட அவ்வளவு தூரம் ஏன் கொண்டுபோக வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. வானில் போகிறோம் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அன்று ஆடி அமாவாசை. தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து, தீர்த்தமாடி, எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாள். தாயை இழந்தவர்களுக்குச் சித்திரைப் பௌர்ணமி மாதிரி, இவர்களுக்கு இது. மாமாவுக்கும் அம்மாவுக்கும் தகப்பன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் இரண்டு பேருக்கும் விரதம். எனக்கு விரதமில்லை. என் அப்பா யுத்தம் நடந்த பிரச்சினைக் காலத்தில் ஒரு நாள் காலை மூதூருக்கு என்று சைக்கிளில் போனவர். பிறகு வரவில்லை. போனார் என்று சொல்ல ஆள் இருந்தது, செத்தார் என்று சொல்ல ஒருவருமில்லை. அம்மா நெற்றியில் குங்குமத்தோடுதான் இருந்தா. நான் அவர் வருவார் என்று இருந்தேன்.

மாமாவுக்கு வேறு நினைப்பு. அவர் கெட்ட மனிதரல்ல, என் அப்பாவோடு ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட்டவர். எத்தனையோ வருடம் பார்த்தாகிவிட்டது, அந்தாள் எங்கேயாவது தண்ணீருக்குத் தவித்துக்கொண்டு நிற்கக்கூடாது, மகன் கையால் ஒரு சொட்டு விட்டால் ஆறும் என்று அவருக்கு. அதற்காகத்தான் அந்த வான். ஊரில் என்றால் நாலு பேர் கேட்பார்கள், அம்மாவும் விடமாட்டா. வெளியிடத்தில் சட்டென்று முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அதனால்தான் காலையில் எனக்கு வெறும் தேத்தண்ணி மட்டும் தந்தார்கள். சாப்பிட்டுவிட்டு நீந்தினால் வயிறு பிடிக்கும் என்று மாமா சொன்னதை நான் அப்படியே நம்பினேன்.

கடற்கரையில் இரண்டு உலகம் இருந்தது. ஒரு பக்கம் கோயில் சாமி தீர்த்தமாடி முடிந்து, ஐயர்மார் வரிசையாகக் குடைபிடித்து இருக்க, முன்னால் ஈர வேட்டிகள். மறுபக்கம் தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் டயர் டியூப்பில் மிதந்துகொண்டு, றபான் மேளம் தட்டிப் பாட்டுப் படித்துக்கொண்டு இருந்தார்கள். என் கண் முழுக்க டியூப்பில்தான். அம்மா தன் தகப்பனை நினைத்து மூன்று முறை முழுகி, நீறு பூசிக்கொண்டு கரையில் நின்றா. மாமா ஐயருக்கு முன்னால் இருந்து எல்லாம் செய்து முடித்தார். எழும்புவார், நீந்தப் போகலாம் என்று நான் நிற்க, அவர் பக்கத்து மணலைத் தட்டி, “வா மருமகன், நீயும் கொஞ்சம் இரு” என்றார்.

ஐயர் தர்ப்பையை எடுத்து, “தகப்பன்ர பேரைச் சொல்லும் தம்பி” என்றார்.

நான் வாயைத் திறக்கமுதல் அம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டா.

“அவனுக்குப் பசிக்குது” என்றா.

“முடியட்டும் தங்கச்சி. பிறகு சாப்பிடலாம்” என்றார் மாமா.

“பசிக்குது அண்ணா.”

அவ்வளவுதான். ஈரச் சேலையோடு என்னை இழுத்துக்கொண்டு வீதிக்கு ஏறிவிட்டா. எனக்கு உண்மையாகவே பசிதான். அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்துகொண்டே பின்னால் ஓடினேன்.

முதலில் ஒரு சைவக் கடை. வாசலிலேயே பாயாச வாசம். ஆடி அமாவாசைக்கென்றே வருகிற காத்தோட்டிக்காயைப் பொரித்துக் குவித்திருந்தார்கள். அந்தக் கைப்புக் காயை விரதக்காரர்தான் விரும்பித் தின்பார்கள். இருந்தோம். வாழையிலை வந்தது, தண்ணீர் தெளித்தேன், சோறு விழப்போகிற நேரம் மாமா மூச்சு வாங்க வந்து நின்றார்.

“சைவம்தானே, பரவாயில்லை” என்றார் தணிந்த குரலில். “பிள்ளை சாப்பிடட்டும். சாப்பிட்டு வந்து இருக்கட்டும். ஐயரிட்டக் கேட்டுட்டன், சின்னப் பிள்ளைதானே, மீன் மச்சம் படாட்டிச் சரி எண்டவர். அவர் நிக்கிறார்.”

அம்மா இலையைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. “எழும்பு” என்றா.

“அம்மா, பாயாசம்...”

“எழும்படா.”

மாமா கடற்கரைக்குத் திரும்பிப் போனார். நான் அழுதுகொண்டே நடந்தேன். அடுத்தது கோயில் மடத்து அன்னதானம். தொண்டர் ஒருவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக, “வாங்கோ தங்கச்சி, பந்தியில இடமிருக்கு, பிள்ளையை இருத்துங்கோ” என்றார். சாமியின் சோற்றை வேண்டாமென்று சொன்ன அம்மாவை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தா. அதற்கப்பால் வெள்ளைக்காரர் தங்குகிற ஹோட்டல். வாசலில் ஐஸ்கட்டிக்கு மேலே பாரை மீன் வாய் பிளந்து கிடந்தது. அம்மா அந்த மீனைக் கொஞ்ச நேரம் பார்த்தா. காவலாளி எங்கள் ஈர உடுப்பைப் பார்த்துக் கையை விசுக்க, அதையும் விட்டு நடந்தோம்.

வெள்ளிக்கிழமையில் மீன் சட்டியை வேறாக்கி வைக்கிற அம்மா, ஆடி அமாவாசையில் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு விளங்கவில்லை. பசியில் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்பதுதான் உண்மை.

கடைசியாக, வீதி வளைவில் கிண்ணியாக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக்கடை. முன்னுக்குக் கடை, பின்னுக்கு வீடு. தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் வாங்குப் பலகைகளைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“இருங்க தங்கச்சி. பருப்பு, பூசணி, கத்தரிக்காய்ப் பால்கறி. எல்லாம் மரக்கறிதான், பயமில்லாம இருங்க.”

“மீன் இல்லையா நானா?” என்றா அம்மா.

அவர் துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். “இண்டைக்கு எப்படி மீன்? உங்கட ஆக்கள் தீர்த்தமாடி வாற நாள். கடைக்குள்ள மீன் எடுக்கவே இல்ல. சட்டியும் புதுசு.”

எங்களுக்காக இவ்வளவு செய்து வைத்திருந்த மனிதரிடம் அம்மா மறுபடியும் கேட்டா. “ஒரு துண்டெண்டாலும் இல்லையா?”

“உங்களுக்கா?”

“மகனுக்கு.”

அவர் அம்மாவின் ஈரத் தலையைப் பார்த்தார், நீறைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “புள்ளைட வாப்பா...?” என்று இழுத்தார்.

“இருக்கிறார்” என்றா அம்மா. குரல் கொஞ்சம் உரத்துத்தான் வந்தது. “அவர் இருக்கிறார் நானா. இவனுக்கு விரதமில்லை.”

அவர் துணியைத் தோளில் போட்டார். “உள்ளுக்கு வாங்க” என்று பின்பக்கம் குசினிக்குக் கூட்டிப்போனார். அங்கே அவருடைய மனைவி அடுப்படியில் நின்றா. அவர் அவவின் காதில் ஏதோ சொல்ல, அந்த அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்து, “கடைக்கு மீன் ஏலாது எண்டு ஊரெல்லாம் கதைச்ச மனிசன், தனக்கு மட்டும் சூரை மீன் வாங்கி ஆக்கச் சொன்னவர். அல்லா ஆளைப் பிடிச்சுத் தந்திட்டான் பாருங்க” என்றா. அவர் தலையைச் சொறிந்தார். பெரிய கோப்பை நிறையச் சோறு போட்டு, தங்கள் வீட்டுச் சட்டியிலிருந்து தலைத் துண்டோடு மீன்கறியை ஊற்றினார்கள்.

உறைப்பு தாங்க முடியவில்லை. முள்ளும் எனக்கு எடுக்கத் தெரியாது. அம்மா கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தா. பிறகு கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, முழுகி நீறு பூசிய அதே கையால் மீனைப் பிசைந்து, முள் எடுத்து, உருட்டி உருட்டி என் வாயில் வைத்தா.

“அம்மா, உங்களுக்கு விரதமெல்லோ? மச்சம் தொட்டுட்டீங்களே.”

“நீ வாயைத் திற.”

அந்த வீட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பில் எதையோ தேடினா. அம்மா தான் ஒரு பருக்கையும் வாயில் வைக்கவில்லை. தன் தகப்பனுக்கு இருந்த விரதத்தை என் தகப்பனுக்காக அந்தக் கோப்பைக்குள் முறித்தா என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு நான் கவலைப்பட்டதெல்லாம் தலைத் துண்டு தீர்ந்துபோகிறதே என்றுதான்.

திரும்பி வந்தபோது வெயில் சரிந்து, ஐயர்மார் குடைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஐயர் மட்டும் மாமாவோடு இருந்தார். பக்கத்தில் ஒரு வாழையிலைத் துண்டில் எனக்கென்று எடுத்து வைத்த எள்.

“சாப்பிட்டியா மருமகன்? வா, இப்ப இரு” என்றார் மாமா.

“மாமா, நான் மீன் சாப்பிட்டனான்” என்றேன், பெரிய வீரன் மாதிரி. “சூரை. தலைத் துண்டு எனக்குத்தான்.”

மாமா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றா. ஏசப்போகிறார் என்று நான் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் ஏசவில்லை. ஐயர், “அப்ப நான் வாறன்” என்று எழும்பிப் போனார். மாமா அந்த எள்ளைக் கடலில் போடவுமில்லை, மணலில் கொட்டவுமில்லை. பிறகு இலையோடு சுருட்டி வேட்டித் தலைப்பில் முடிந்துகொண்டு, “வா, நீந்துவம்” என்றார்.

இடுப்பளவு தண்ணீரில் என் வயிற்றுக்குக் கீழே இரண்டு கையையும் வைத்துத் தாங்கி, “காலை அடி, காலை அடி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அடித்த அடியில் அவர் முகமெல்லாம் தண்ணீர். கரையில் அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தா. அந்தப் பின்னேரம் முழுக்க அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒரே ஆளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்று எனக்கு யார் சொல்வது?

வான் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். அவவின் கை இன்னும் மீன் மணத்தது.

“அம்மா, அடுத்த ஆடி அமாவாசைக்கும் மீன் வாங்கித் தருவீங்களா?”

“ஓம்” என்றா.

“அதுக்கடுத்த வருசம்?”

அம்மா என் தலையைத் தடவிக்கொண்டு, முன்சீற்றில் இருந்த மாமாவுக்கும் கேட்கும்படியாக, “ஒவ்வொரு வருசமும்” என்றா.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல ஏலாது. எழும்பி இருந்து, “மாமா, கேட்டனீங்களா, ஒவ்வொரு வருசமும் மீனாம்” என்று வான் முழுக்கக் கத்தினேன்.