கம்பளிக் காலுறை தொங்கிய மரம்

மம்லகத் பள்ளிக்கூடத்தில் கணப்பு மூட்டுகிறவள். பனிக்காலம் முழுக்க விடியுமுன்னே போய் வகுப்பறைகளைச் சூடேற்றிவிட்டு, கரி படிந்த கையோடு வீடு திரும்புவாள். ஆனால் ஊரில் அவளுக்குப் பெயர் வந்தது கொல்லையில் நின்ற ஆப்ரிகாட் மரத்தால்தான். பாஞ்ச் ஆற்றுத் திருப்பத்தில், இரண்டு மலைக்கு நடுவிலுள்ள இடுக்கு வழியாக வரும் செல்போன் சிக்னல், ஊரில் வேறெங்கும் நிற்காது. மாட்டுக்கொட்டகைக் கூரையைத் தாண்டி ஒரு கை நீளத்தில் நீண்டிருந்த அந்த மரத்தின் கீழ்க்கிளையில் மட்டும்தான் வந்து உட்காரும். காலையில் எல்லாரும் போனைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள். மணி அடித்தால் யாராவது கூவுவார்கள். போனுக்கு உரியவர் ஓடிவந்து கூரையேறிப் பேசுவார்.

மாட்டுவதற்கு அவள் சட்டம் வைத்திருந்தாள். ஆணி கூடாது, கம்பி கூடாது. கணவன் இருந்த காலத்தில் துணி உலர்த்த மேல்கிளையில் ஒரு கம்பி சுற்றியிருந்தான். கிளை பருத்தது, கம்பி பருக்கவில்லை. பட்டைக்குள் புதைந்து, கிளையே பட்டுப்போயிற்று. அதனால் போனைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு, அகலமான கம்பளிப் பட்டையால் தொளதொளவென்று கட்ட வேண்டும். அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும். மொட்டு வைத்த குச்சியைத் தொடவே கூடாது. காலுறையில் பின்னிய பூவேலையைப் பார்த்தே எந்த வீட்டுப் போன் என்று சொல்லிவிடலாம்.

அந்த வசந்தத்தில் மம்லகத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை திரும்பிவந்து பார்த்தால், கிளையின் மேல்பக்கம் ஒரு தகர டப்பா, உள்ளே பக்கத்து வீட்டுப் போன். அடியில் ஆணி. ஆணியைச் சுற்றித் தேன் நிறத்தில் பிசின் வழிந்துகொண்டிருந்தது.

“தவ்லத்ஷோ! இங்க வாப்பா, உன் வேலைய நீயே வந்து பாரு.”

பக்கத்து வீட்டுக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். “காத்துல ரெண்டு தடவ என் போன் விழுந்துருச்சுக்கா. ஒரே ஒரு ஆணிதானே? கிளை தாங்கும்.”

“உன் முழங்கையில ஒண்ணு அடிச்சுப் பாக்கவா? அதுவுந்தான் தாங்கும்.”

ஆணியைப் பிடுங்கி, பிசினை வழித்து, கிழிந்த பட்டையின் ஓரத்தைக் கத்தியால் சீராக்கினாள். பிறகு சொன்னாள்: “பிசின் நிக்கற வரைக்கும் இந்தக் கிளையில ஒரு போனும் தொங்கக் கூடாது.” சொல்லிவிட்டு, வந்ததும் மாட்டிய தன் சிவப்புக் காலுறையைத்தான் முதலில் அவிழ்த்தாள்.

தவ்லத்ஷோவின் மனைவி சவ்சன் பதறினாள். “அக்கா, இன்னிக்கு சஃபர் கூப்பிடற நாளாச்சே!”

அது எல்லாருக்கும் தெரியும். மம்லகத்தின் மகன் சஃபர் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்டார்கள், நாளைக்குள் போட வேண்டும். ‘நீ வான்னா வந்துடறேன், ஒண்ணும் சொல்லலைன்னா போட்டுடறேன்’ என்று போன வாரம் சொல்லியிருந்தான். வீட்டுக் கூரைக்குப் பணம் வேண்டியிருந்ததால் ஒரு வாரம் யோசிக்கக் கேட்டிருந்தாள். யோசித்தும் ஆயிற்று.

“என்னோடத மட்டும் விட்டா, மத்தவங்க போனை எந்த வாயால இறக்கச் சொல்லுவேன்?” என்று சொல்லிவிட்டு மம்லகத் உள்ளே போய்விட்டாள். அந்த ஊரில் பால் தேநீருக்கு உப்புதான்; அன்றைக்கு அதை இரண்டு தடவை போட்டாள்.

வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். தவ்லத்ஷோ கொட்டகைக் கூரை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, கிளைக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தான். கை நிறைய ஊரார் காலுறைகள். வலது மணிக்கட்டில் சிவப்பு.

“கல்யாணமாகி இத்தன வருஷத்துல மனுஷன் இப்படி ஒரே இடத்துல உக்காந்து நான் பாத்ததில்ல,” என்றாள் சவ்சன். “பூப் பூத்தா கூப்பிடுங்க.”

“பேசாம போடி. சிக்னல் ஆடுது.”

மதியத்துக்குமேல் கை இறங்க ஆரம்பித்தது. காய் கனக்கும் காலத்தில் கிளைக்கு முட்டுக் கொடுக்கும் கவைக்கோலை எடுத்துவந்து அவன் முழங்கைக்குக் கீழே நிறுத்திவிட்டு, ரொட்டியைப் பிட்டு வாயில் ஊட்டினாள் சவ்சன்.

வெயில் மலைக்குப் பின்னால் போகும் நேரத்தில் சிவப்புக் காலுறை அடித்தது. மம்லகத் தடதடவென்று கூரையேறினாள். காலுறையோடு சேர்த்துப் பொத்தானை அழுத்தி, அவன் மணிக்கட்டில் காதை வைத்தாள். தவ்லத்ஷோ ஒன்றும் கேட்காதவன்போல முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“அம்மா? அங்க யாரு மூச்சு வாங்கறது?”

“மரந்தான்டா.”

“என்னம்மா முடிவு பண்ணின? நாளைக்குக் கையெழுத்து.”

எவ்வளவோ சொல்ல வைத்திருந்தாள். “வாடா,” என்றாள்.

“கூரை ஒழுகுதேம்மா.”

“ஒழுகட்டும். பழம் பழுக்கறதுக்குள்ள வந்து சேரு.”

“சரிம்மா,” என்றான் சஃபர். “டிக்கெட் எடுத்துட்டுக் கூப்பிடறேன்.”

போன் அடங்கியது. தவ்லத்ஷோ இன்னும் கையை இறக்கவில்லை. “என் போன் இன்னும் அடிக்கலக்கா,” என்றான்.

“இரு.” அவன் மணிக்கட்டில் கம்பளிப் பட்டை பதிந்து சிவந்திருந்தது. அதை அவிழ்த்து, இரண்டு விரல் மேலே ஏற்றி, தொளதொளவென்று கட்டிவிட்டாள்.