வெளிநாட்டு விவகாரம்

சென்னையில் எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்ததும் என்ன படிப்பு என்று அம்மா கேட்டாள். சர்வதேச விவகாரங்கள் என்று சொன்னேன். அது அவள் வாயில் நுழையவில்லை. "சர்வதேசம்னா?" என்றாள். "வெளிநாடும்மா" என்றேன். அவ்வளவுதான். அறந்தாங்கியில் எங்கள் தெரு முழுக்க மறுநாளே நான் வெளிநாட்டு விவகாரம் படிக்கப் போகிறேன் என்று ஆகிவிட்டது.

எங்கள் ஊரில் விவகாரம் என்றால் வம்பு வழக்கு. வேலித் தகராறு, பாகப்பிரிவினை, ஜமாத்துக்குப் போய் நிற்கிற மாமியார் மருமகள் சண்டை, எல்லாமே விவகாரம்தான். ஒருவனை விவகாரம் பிடித்த ஆள் என்று சொன்னால் ஒதுங்கிப் போ என்று பொருள். ஆகவே வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களின் வம்பைத் தீர்த்துவைக்கிற படிப்பு என்று தெரு எடுத்துக்கொண்டது. எங்கள் தெருவில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு ஏது? நான் திருத்தவில்லை. உலக நாடுகளின் உறவைப் பற்றிய படிப்பு, மனு எழுதும் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் வயதில் மூத்தவர்கள் வந்து "நீங்க சொல்லுங்கம்மா" என்று நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது.

முதல் செமஸ்டர் விடுமுறையில் எதிர்வீட்டு மாமி ஒரு பிளாஸ்டிக் கவருடன் வந்தார். அவர் கணவர் வளைகுடாவில் ஒரு பெரிய வீட்டில் டிரைவர். சிறு வயதில் என்னைத் தன் டி.வி.எஸ். வண்டியில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர், எனக்கு மாமா.

"ரெண்டு வருசம்னு போனாங்க, நாலாச்சு. ஒங்க மாமா பாஸ்போட்ட அந்த மொதலாளி வாங்கி வச்சுக்கிட்டு, கேக்கும்போதெல்லாம் நாளைக்கு நாளைக்குங்கிறானாம். நோம்புப் பெருநா கழிச்சு எம்மகளுக்கு நிக்கா வச்சிருக்கு. பெத்த அத்தா இல்லாம எப்படிம்மா நடத்துறது? நீதான் இந்த விவகாரமெல்லாம் படிக்கிறியே. எம்பசிக்கு ஒரு மனு எழுதிப் போட்டுவிடேன்."

நான் கவரைப் பிரித்து, பாஸ்போர்ட் நகலையும் விசா நகலையும் டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தேன். "பார்த்துக்கிறேன் மாமி" என்றேன். பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தால்கூடத் தப்பித்துக்கொள்ள ஒரு சந்து இருந்திருக்கும். பார்த்துக்கிறேன் என்றால் இனி அது என் பாடு, நீங்கள் போய்த் தூங்குங்கள் என்று அர்த்தம். மாமி அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

சென்னைக்குத் திரும்பியதும் எழுதத்தான் நினைத்தேன். இணையத்தில் படிவம் இருந்தது, மின்னஞ்சல் முகவரியும் இருந்தது. ஒரு மணி நேர வேலை. ஆனால் அந்த வாரம் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. அயல்நாட்டில் வேலை செய்பவர்களுக்குத் தூதரகங்கள் தரும் பாதுகாப்பு என்று கொடுத்தேன். என் கையிலேயே ஒரு ஆள் இருந்தாரே. வகுப்பில் மற்றவர்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு மாமா கிடைத்துவிட்டார் என்று உள்ளூர ஒரு குதூகலம்.

வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். முதலாளியின் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்திக் காத்திருந்தார். "மனுவுக்காம்மா?" என்று கேட்டார். "ஆமா மாமா, எல்லாத்துக்கும்தான்" என்றேன். அந்த 'எல்லாத்துக்கும்' என்கிற சொல்லை நான் எவ்வளவு சாமர்த்தியமாகப் போட்டேன் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், எங்கே படுக்கை, பாஸ்போர்ட்டைக் கேட்ட அன்று முதலாளி என்ன சொன்னார், எல்லாம். மகளின் கல்யாணப் பத்திரிகையை மாமி படம் பிடித்து அனுப்பியதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அதையும் குறித்துக்கொண்டேன். "வேற என்னம்மா வேணும், கேளு" என்றார்.

கட்டுரை முப்பது பக்கம் வந்தது. ஆய்வில் பேசியவர்களின் பெயரைப் போடக் கூடாது என்பது விதி. மாமா 'முதலாம் நபர்' ஆனார். அவர் குரல் உடைந்த இடத்தை எங்கள் பேராசிரியை வகுப்பில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கட்டுரைக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மாமாவைப் பற்றி முப்பது பக்கம் எழுதியிருக்கிறேன் என்று சொன்னதை அம்மா அப்படியே எதிர்வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள்.

மனுவை எழுதவில்லை. முதலில் விசா நகல் தெளிவாக இல்லை என்று தள்ளிப்போட்டேன். பிறகு பரீட்சை என்றேன். உண்மை வேறு. ஒரு பக்க மனு எழுதுவது தாலுகா ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர்களின் வேலை, அதற்கு ஒரு எம்.ஏ. எதற்கு என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது. மாமாவின் கஷ்டத்தை முப்பது பக்கத்துக்கு விளக்கியதாலேயே அதற்கு ஏதோ செய்துவிட்டது போலவும் இருந்தது. மாமி போன் செய்து "எழுதிட்டியாம்மா?" என்று கேட்டார். "எழுதிட்டேன் மாமி" என்றேன். எழுதியிருந்தேன்தானே.

பெருநாள் கழிந்து நிக்காஹ் நடந்தது. நானும் ஊருக்குப் போயிருந்தேன். பெண்ணின் அத்தா உட்கார வேண்டிய இடத்தில் சித்தப்பா உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். யாரோ ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதில் மாமாவின் முகம் அடிக்கடி உறைந்து நின்றது. புதுச்சட்டை போட்டிருந்தார், வண்டிக்குள் உட்கார்ந்து. பெண்கள் பக்கத்தில் மாமி என் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார். "நீ என்னம்மா செய்வ? ஒன் பங்குக்கு எழுதிட்டே. நாடு விட்டு நாடு போறது, சொணங்கத்தான் செய்யும்." சாப்பிட்டேன். இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மாமா வந்துவிட்டார். நான் விடுமுறையில் இருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு, கோடாலித் தைலமும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார். அம்மா டீ கொடுத்தாள். எப்படி வந்தீர்கள் என்று அவள்தான் கேட்டாள்.

"நானே ஒரு நாள் லீவு சொல்லிட்டு எம்பசிக்குப் போயிட்டேன்த்தா. அங்க இருந்த தம்பி கம்ப்யூட்டர்ல தேடித் தேடிப் பாத்துச்சு. எம்பேருல ஒண்ணும் வரலன்னுட்டாங்க. அப்பறம் அங்கயே ஒரு பக்கம் எழுதி வாங்குனாங்க. மூணு வாரத்துல பாஸ்போட்டு கைக்கு வந்துருச்சு." என் பக்கம் திரும்பினார். "மொதல்லயே போயிருப்பேம்மா. நீ எழுதிட்டேன்னு ஒங்க மாமி சொன்னா. ரெண்டு மனுவாப் போனா கொழம்பிருவாங்கன்னு சும்மா இருந்துட்டேன்."

நிக்காஹ்வுக்கு அவர் வராமல் போனதற்கு என் சோம்பல் காரணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எம்பசிக்குப் போகாமல் அவரைத் தடுத்ததே நான்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"முப்பது பக்கம் எழுதுனியாமே. இருந்தா காமியேம்மா, பாப்போம்."

உள்ளே போய் ஸ்பைரல் போட்ட கட்டுரையை எடுத்துவந்து கொடுத்தேன். ஆங்கிலப் பலகைகளைப் படித்தே நாலு வருஷம் வண்டி ஓட்டியவர். விரலை வைத்து மெதுவாகத் தேடினார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், நடுவில் சில பக்கம். என் பெயர் அட்டையிலேயே பெரிய எழுத்தில் இருந்தது.

"எம்பேரு எங்கிட்டு இருக்கும்மா?"

முதலாம் நபர் என்று இருந்த இடத்தைக் காட்டினேன். "இதுதான் மாமா நீங்க. இதுல பேரப் போடக் கூடாது."

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. உண்மையாகவே தெளிந்தது, நடிப்பில்லை.

"அட, அதான் விசயமா. பேரு இல்லாமப் போனா அவங்க யாருன்னு தேடுவாங்க? அந்தத் தம்பி மேல தப்பில்ல." கட்டுரையை மூடி, அட்டையைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "பரவால்ல விடும்மா. இனிமே யாருக்கு எழுதுனாலும் பேர மட்டும் மறக்காமப் போட்டுரு."

அது மனு இல்லை மாமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா பெருமையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி மாமா, பார்த்துக்கிறேன்" என்றேன்.