முன் கோயில், பின் கோயில்

என் முதல் கார் ஓடியதைவிட ஆடியதுதான் அதிகம். மூன்று பேர் கைமாறி நான்காவதாக என்னிடம் வந்த பழைய ஜப்பான் கார். வளைவில் திருப்பினால் சக்கரம் உடனே திரும்பும். உடம்பு கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னால் வரும். பிரேக்கை மிதித்தால் மூக்கைத் தாழ்த்தித் தார்ச்சாலையை மோந்து பார்க்கும். விட்டால் நிமிர்ந்து, சாய்ந்து, பெருமூச்சு விடும். கோலசிலாங்கூர் ஆற்றோரத்தில் கட்டிப்போட்ட சம்பான் படகுகூட ஒரு நிதானத்தோடு ஆடும். இது அலை இல்லாத ஊரில் அலையைத் தேடித் தேடிப் போகும். எண்பதுகளின் நடுவில் அது, எனக்கு இருபத்தைந்து வயது. அந்த ஆட்டத்தை நான் தாலாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு அது வாந்தி.

அசாம் ஜாவாவுக்கு உள்ளே இருந்த எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து, மாநிலத்தின் அந்தக் கோடியில் இருக்கும் கலும்பாங்குக்கு எனக்குப் பெண் பார்க்கப் போனோம். அம்மா முன்னால், அப்பா பின்னால், நான் ஓட்ட. பத்தாங் பெர்ஜுந்தை வரை அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வந்தாள். ராசாவில் அதைக் கடித்தாள். கலும்பாங்கில் பெண் வீட்டு வாசலில் கார் நின்றதும் கதவைத் திறந்து, கை கூப்பி வரவேற்க வந்தவர்கள் காலடியிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். அதன்பிறகு இரண்டு மணி நேரம் அந்த வீட்டுப் பெஞ்சில் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பெண் பார்க்க வந்தவள் பெண்ணைப் பார்க்கவே இல்லை.

நான் பார்த்தேன். தஞ்சோங் மாலிமில் ஏதோ கடையில் வேலை செய்கிறாள் என்று சொன்னார்கள். அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தவள், என்னை ஒரு நொடி பார்த்தாள். காரை அதைவிட அதிக நேரம் பார்த்தாள், அதிலும் முன்சக்கரத்தை. வாசலை அசிங்கம் செய்த காரை முறைக்கிறாள் என்று நினைத்து வெட்கத்தில் செத்தேன். ஆனாலும் அந்த முகம் என்னோடு அசாம் ஜாவா வரைக்கும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்பப் போறோம். ஆனா ஒண்ணு. இன்னொரு தடவ நான் அந்த வாசல்ல வாந்தி எடுத்தேன்னா, அந்த எடம் நமக்கில்லன்னு சாமி சொல்லுதுன்னு அர்த்தம்."

"பஸ்ல போவோம்மா."

"மாப்பிள்ள வீடு பஸ்ல போயா எறங்கும்? சிரிப்பாங்க லா!"

ஆக, என் கல்யாணம் ஆட்டத்தை அடக்கும் நான்கு அப்சோர்பரிலும் நான்கு ஸ்பிரிங்கிலும் தொங்கியது.

ரவாங்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆங்கிலக் கார் பத்திரிகை ஒன்று கைமாறிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு படத்தைப் பார்த்துப் பார்த்துப் பித்துப் பிடித்துப்போய் இருந்தேன்: குட்டையான, கெட்டியான ஸ்பிரிங், அதற்குள் காற்று அடைத்த அப்சோர்பர். அவற்றை மாட்டினால் கார் வளைவில் சாயாது, தண்டவாளத்தில் போவது மாதிரிப் போகும் என்று எழுதியிருந்தது. கிள்ளானில் ஒரு கடையில் தேடிப் பிடித்து, முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு என்று சாக்கில் கட்டிக் கொண்டுவந்தேன். பட்டறையில் கொடுக்கலாம். ஆனால் அந்த வயதில் தன் காரைப் பிறர் கையால் கழற்றவிடுகிறவன் ஆண்பிள்ளையா? வீட்டு வாசலிலேயே செய்வது என்று முடிவு.

அப்பா தோட்டத்து ட்ரெக்டர் ஓட்டி. சாக்கைத் திறந்து பார்த்தார்.

"என் ட்ரெக்டர்ல சீட்டுக்கு அடியில ஒரே ஒரு ஸ்பிரிங்குதான். அதுவும் ஒடஞ்சிருக்கு. இத்தன வருஷத்துல நான் என்னா, ஒரு தடவ வாந்தி எடுத்திருக்கனா?"

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுருள்சுருளாக இருக்கும் அந்த ஸ்பிரிங்கை ஆங்கிலத்தில் 'காயில்' என்பார்கள், அது எங்கள் வாயில் விழுந்தபோது 'கோயில்' என்று ஆகிவிட்டது. பட்டறையில் எல்லாருக்கும் அது கோயில்தான். முன் கோயில், பின் கோயில், தொங்கிப்போன கோயில். யாருக்கும் அதில் சிரிப்பு வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை பசியாறும்போது அந்தப் பத்திரிகைப் படத்தில் கண்ணை வைத்துக்கொண்டு தோசை தின்றுகொண்டிருந்தேன்.

"நாளைக்கு என்னா வேல ஒனக்கு?" என்றாள் அம்மா.

"கோயில் வேலம்மா."

தோசைக் கரண்டி நின்றது. நான் கோயில் பக்கம் போய் ஐந்தாறு வருஷம் இருக்கும்.

"எந்தக் கோயிலு?"

"முன் கோயில் ரெண்டும். நேரம் இருந்தா பின் கோயிலும் செஞ்சிருவேன்."

"என்னாப்பா செய்யப் போற?"

"ரொம்பப் பழசா போச்சும்மா. பழசக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு வைக்கணும்."

"அய்யோ! நீயேவா? பூசாரிய கூப்பிட வேணாமா?"

பத்திரிகையில் ஒரு நட்டின் அளவு தெளிவாக இல்லை. அதைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் வேணாம், அப்பா இருந்தா போதும்" என்றேன்.

"அவரு நேத்துதான் பன்றிக்கறி சாப்பிட்டாரு..."

"கையில எண்ணெ இல்லாம தொடச்சுக்கிட்டா போதும்மா."

எங்கள் தோட்டத்து முகப்பில் ஒரு மாரியம்மனும் பக்கத்திலேயே ஒரு பிள்ளையாரும் இருந்தார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குப் பின்னால் முனியாண்டி. முன் கோயில் இரண்டு, பின் கோயில் ஒன்று. அம்மா என் முன்னால் எதுவும் பேசவில்லை. நான் வேலைக்குப் போனதும் லயம் முழுவதும் பேசிவிட்டாள்.

சனிக்கிழமை காலை. காரின் மூக்குக்கு அடியில் நான் மல்லாந்து கிடந்தேன். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிப்பதற்கென்று ஒரு கருவி உண்டு, எங்களிடம் இல்லை. அமுக்காமல் கழற்றினால் அது பாய்ந்து ஆளைக் கொன்றுவிடும். அப்பா ட்ரெக்டர் சங்கிலியோடு வந்து உட்கார்ந்து யோசித்தார்.

"காடியோட மூக்குல நல்லா கனம் ஏத்துனா ஸ்பிரிங்கு தானா அமுங்கும். அமுங்கினப்ப சங்கிலியால கட்டிரலாம். ஆனா ஒரு ஆறு ஆளு கனம் வேணும்."

அந்த நேரம் பார்த்து என் தலைமாட்டில் கால்கள் வந்து நின்றன. எண்ணினேன். பன்னிரண்டு.

"வெளிய வாங்க தம்பி," என்றது தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோரின் குரல். அவர்தான் கோயில் தலைவரும்.

ஊர்ந்து வெளியே வந்து எழுந்து நின்றதும் கழுத்தில் சாமந்தி மாலை விழுந்தது. மண்டோருக்குப் பின்னால் ஐந்து பேர், சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக. வீட்டு வாசலில் அம்மா, தலைக்குக் குளித்து, நல்ல நாள் சேலையில்.

"நம்ம பையனுங்க எல்லாம் பந்து வெளயாட ஓடிருவானுங்க. நீங்க தனி ஆளா ரெண்டு முன் கோயிலும் செய்றேன்னு சொன்னீங்களாமே! தனியா விட்ருவோமா?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. சாக்கிலிருந்து புது ஸ்பிரிங் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் மண்டோர் முன்னால் நீட்டினேன்.

"இதாங்க... கோயில்."

ஒரு கோழி மட்டும் ஏதோ கேட்டது. பின்னால் நின்ற ஒருவர் ஸ்பிரிங்குக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "சாமி எங்க?" என்றார்.

"அலாமாக்," என்று தலையில் கை வைத்தார் அப்பா.

அம்மா கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு, "பழசக் கழட்டிப் போடுறேன்னு சொன்னப்பவே எனக்குத் திக்குன்னுச்சு," என்றாள். லயத்தின் இருபது கதவுகளிலும் ஆட்கள் நின்றார்கள். நேற்று அவள் ஒவ்வொரு கதவாகப் போய்ச் சொன்ன பெருமை, இப்போது ஒவ்வொரு கதவிலிருந்தும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

மண்டோர் தொண்டையைச் செருமினார். "சாமிக்கு வாங்குன மால. போட்டாச்சு. போட்டத எடுக்க முடியாது. நீங்க வந்துதான் ஆவணும்."

"வருவான்ணே, வருவான்," என்று அப்பா எழுந்தார். "அதுக்கு முன்னுக்கு நீங்க ஆறு பேரும் கொஞ்சம் இந்தக் காடி மேல ஒக்காருங்க."

உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், நடு பானெட்டில் மண்டோர், அவர் மடியில் வாளியோடு ஒருவர். கார் கும்பிட்டது. அப்பா சக்கரத்தைத் திருப்பி, இடுக்கில் கையை விட்டு, இரண்டு ஸ்பிரிங்கையும் சங்கிலியால் இறுக்கிக் கட்டினார். "எறங்குங்க." இறங்கினார்கள். கார் எழவில்லை, கும்பிட்டபடியே இருந்தது. ஜாக் போட்டுக் கழற்றினோம். புதியவை குட்டை என்பதால் கையாலேயே உட்கார்ந்தன. பழையதில் ஒன்றின் சங்கிலியை அப்பா தூர நின்று நீளக் கம்பால் தட்டிவிட்டார். அது எம்பிச் சாக்கடையைத் தாண்டி, அடுத்த வீட்டு மரவள்ளிக் கொல்லைக்குள் போய் விழுந்தது. ஆறு பேரும் கைதட்டினார்கள்.

மதியம் முதல் பொழுது சாயும்வரை சுண்ணாம்பு அடித்தேன், கழுத்தில் மாலையோடு. மாரியம்மன் சுவரில் என் கிரீஸ் கை ஐந்து விரலோடு பதிந்து, மேலே மூன்று பூச்சு பூசியும் உள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. பின் கோயில்கள் இரண்டும், காரின் பின் கோயில்களைத்தான் சொல்கிறேன், சாக்கிலேயே கிடந்தன. பரவாயில்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அம்மா உட்காருவது முன்னால். முன்னால் மாற்றியாகிவிட்டது.

ஞாயிறு. கார் வேறு கார். வளைவில் மூக்கு அசையவில்லை. அம்மா பழத்தை மோந்து பார்க்கக்கூட இல்லை. பத்தாங் பெர்ஜுந்தையில், "குதிக்குதுடா, ஆனா ஆடல," என்றாள். ராசாவில் பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணக் கதை ஒன்றைச் சொல்லிச் சிரித்தாள். நான் வேகத்தைக் கூட்டினேன். வளைவுகளைத் தேடித் தேடித் திருப்பினேன். சந்தோஷத்தில், பின்னால் ஒருவர் இருக்கிறார் என்பதே மறந்துபோயிற்று. முன்பக்கம் இரும்பாகிவிட்ட அந்தக் காரின் அத்தனை பழைய ஆட்டமும் ஓடிப்போய்ப் பின்சீட்டில் குடியேறியிருந்தது.

கலும்பாங்கில் அதே வாசல். அதே கை கூப்பல். அம்மா ராணி மாதிரி இறங்கினாள். பின்கதவு திறந்தது. எந்த வண்டிக்கும் அசையாத ட்ரெக்டர் ஓட்டி, சென்ற வாரம் அம்மா நின்ற அதே இடத்தில் நின்று, கொட்டினார்.

அதே பெஞ்ச். அதே ஈரத்துணி. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. சகுனத்தை மறக்கடிக்கிற வேகத்தில் பேச ஆரம்பித்தாள்.

"நேத்து முழுக்க என் பையனுக்குக் கோயில் வேல. மால எல்லாம் போட்டாங்க..."

தேநீர்த் தட்டோடு வந்த பெண் நின்றாள்.

"முன்னாலயா, பின்னாலயா?"

"என்னாம்மா கேக்குற?" என்றார் அவள் அப்பா.

"காடி முன்னுக்கு எறங்கி இருக்குப்பா, பின்னுக்குத் தூக்கி நிக்குது. போன வாரமே பார்த்தேன், முன் அப்சோர்பர் எண்ணெ கக்கி சக்கரமெல்லாம் ஈரம். எங்க கடையில தெனமும் இதத்தான் விக்கிறோம்." பிறகு முதல் தடவையாக என்னிடம்: "நாலையும் ஒண்ணா மாத்தணும். முன்னால மட்டும் மாத்தினா பின்னால ஒக்காருறவங்க பாவம்."

பெஞ்சிலிருந்து ஈரத்துணி பேசியது. "அதச் சொல்லும்மா அவன்கிட்ட. பின்னால ஒக்காந்து வந்தவன் நான்."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் வாயில்தான் சாமி இருந்தது. அம்மா பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள்.

"நான் எடுத்தாத்தான் சகுனம்னு சொன்னேன்," என்றாள். "இவரு எடுத்தா அது சும்மா வாந்திதான். பொண்ணுக்குக் கோயில் விஷயமெல்லாம் தெரிஞ்சிருக்கு. எங்களுக்குப் போதும்."

தேதி பேசி, தாம்பூலம் மாற்றிக் கிளம்பியபோது அப்பா யாரையும் கேட்காமல் முன்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். அம்மா பின்னால் ஏறினாள். பத்தாங் பெர்ஜுந்தை வருவதற்குள், "நிப்பாட்டுடா!" என்று ஒரு சத்தம். நிறுத்தினேன். செம்பனை ஓரமாகக் குனிந்து நின்றவள், வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்:

"போறப்ப வந்தாத்தான்டா கணக்கு."