வலது காதுக்கு மட்டும் கேட்ட மணி

2014 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். மைனஸ் பத்தொன்பது டிகிரி, வடக்கிலிருந்து காற்று. வின்னிபெக்கில் என் பஸ் வர இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. இங்கே பஸ்ஸுக்கு நின்றால் கால் விரல் பத்தும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊராக இருந்தால் செவ்வாய்க்கிழமை இந்த நேரம் ராகு காலம், புதிய இடத்துக்குள் நுழைய மாட்டேன். குளிர் அதையெல்லாம் பார்க்க விடவில்லை. பின்னால் இருந்த பழைய பொருள் கடைக்குள் நுழைந்து, வலது பக்கத்துச் சுவரோரம் ஒதுங்கினேன். யாரோ குடித்த கோப்பைகள், யாரோ நடந்த செருப்புகள், யாரும் கேட்காத ஒரு பாட்டு. இந்த ஊர்க் கடைகளில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், ஒருவரும் தலைநிமிர்ந்து கேட்க மாட்டார்கள்.

மணி அடித்தது. ஆள் வருகிறது என்று வழிவிட்டு நகர்ந்தேன். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தது. கடைக்கார அம்மாளிடம் என் ஆங்கிலத்தில், "பெல், பெல்" என்றேன். உதவிக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்து மேஜைக்கு வந்து நின்றார். இல்லை என்று தலையாட்டினேன். உடனே போய் வாசற்கதவில் தொங்கிய மணியை ஆட்டிக் காட்டி, அன்பாகச் சிரித்தார். கதவு மணியின் சத்தம் வேறு. அப்போதுதான் ஓடுகிற பாட்டைக் கவனித்தேன். என்னுடைய ஏழாவது பாட்டு. விக்கிரவாண்டிப் பாட்டு.

எப்படி என்னுடையது என்று சொல்கிறேன். 1993இல் எனக்கு வீடு திண்டிவனம், வேலை விழுப்புரத்தில், ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில். செவ்வாய்தோறும் துர்க்கைக்கு விளக்குப் போடும்போது கேட்க, ராகு காலப் பாட்டுகள் வேண்டும் என்றாள் என் மனைவி. விழுப்புரத்தில் பாட்டுப் பதிந்து தரும் கடையில் சீட்டெழுதிக் கொடுத்தேன். எனக்கு மையை வீணாக்கப் பிடிக்காது. 'ராகு 60' என்று மட்டும் எழுதினேன். அறுபது நிமிடக் கேசட் என்று அர்த்தம். கடைக்காரருக்கு என் 'கு'வின் சுழி புள்ளியாகத் தெரிந்திருக்கிறது. 'ராக் 60' என்று படித்துவிட்டார். வீட்டில் கேசட்டைப் போட்டதும் நான்கு வெள்ளைக்காரர்கள் கதறினார்கள். "விளக்கு போடப் பாட்டு கேட்டா, பேய் ஓட்டறதை வாங்கிக்கினு வந்துகீறீங்களே" என்றாள் மனைவி. குழுவின் பெயர் கிடையாது, அட்டைப்படம் கிடையாது. பதினொரு பாட்டு, இரண்டு பக்கம், கடைக்காரர் கையெழுத்தில் 'ராக் 60'.

திருப்பிக் கொடுக்கத்தான் பையில் வைத்தேன். என்னோடு தினமும் ரயிலில் வருகிறவர் ஜாபர் பாய். கோட்டக்குப்பத்துக்காரர், திண்டிவனத்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவர், விழுப்புரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அவர் அண்ணன் துபாயிலிருந்து வாக்மேன் அனுப்பியிருந்தார். "இன்னா கேசட்டு கணக்கு சார், போட்டுத்தான் பாக்கலாமே" என்றார். பெட்டி அவருடையது, கேசட் என்னுடையது. ஆளுக்கொரு காது. நான் ஜன்னலோரம், அவர் எனக்கு இடப்புறம். அதனால் காதில் செருகும் இரண்டு மொட்டுகளில் 'எல்' என்று எழுதியது என் இடது காதுக்கு, 'ஆர்' அவருடைய வலது காதுக்கு. வண்டி கிளம்பும்போது முதல் பாட்டு, மயிலத்தில் மூன்றாவது, பேரணியில் கேசட்டைத் திருப்ப வேண்டும், விக்கிரவாண்டியில் ஏழாவது, விழுப்புரத்துக்கு வெளியே சிக்னலுக்கு நிற்கையில் பதினொன்றாவது. விடுமுறை போக ஐந்து வருடத்தில் ஆயிரத்து நூறு முறைக்குக் குறையாமல் கேட்டிருப்போம். ஆங்கிலத்தில் பாதி புரியாது. ஆனால் அலுவலகத்தில் நான் ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அந்தப் பாடகர் எனக்கும் சேர்த்துக் கத்திவிடுவார். இறங்கும்போது மனசு லேசாக இருக்கும்.

சண்டை வந்தது ஏழாவது பாட்டால். "அந்த மணி அடிக்குது பாருங்க, அதான் சார் இந்தப் பாட்டே" என்பார் பாய். மணியே இல்லை என்பேன் நான். "லெவல் கிராஸிங் மணியா இருக்கும்." "இல்லீங்க, பாட்டுல." முதலில் விளையாட்டுத்தான். பிறகு பெட்டியில் இருந்தவர்களிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவருக்கு மணி பாய் என்று பேர் வைத்தது நான்தான். வறுத்த மல்லாட்டை விற்கிற அம்மா கூட, "மணி பாய், இன்னிக்கு எத்தினி அடிச்சிது?" என்று கேட்க ஆரம்பித்தாள். 1998இல் ஒரு நாள் பாய் தன் காதிலிருந்து மொட்டைப் பிடுங்கி நீட்டினார். "இந்தாங்க சார். ஒரே ஒரு வாட்டி என் பக்கத்தைக் கேட்டுட்டு அப்புறம் பேசுங்க."

"பாட்டு ஒண்ணுதானே பாய், காதுக்கு ஒண்ணா பாடுவான்?" என்றேன். பெட்டியே சிரித்தது. நான் கையை நீட்டவில்லை.

மறுநாள் அவர் மூன்று பெட்டி தள்ளி ஏறினார். வாக்மேன் அவரிடம், கேசட் என்னிடம். பிளாட்பாரத்தில் பார்த்தால் "சார்", "பாய்" என்று ஆளுக்கொரு சொல், அவ்வளவுதான். நான் ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு இங்கே வந்து சேர்ந்தபோது சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

கடையின் இரண்டு சுவர்களிலும் ஒவ்வொரு ஒலிபெருக்கி இருந்தது. அந்தப் பாட்டை மறுபடி போடும்படி கைகளால் கேட்டேன். இடது பக்கம் நின்றேன். ஆயிரத்து நூறு முறை கேட்ட அதே பாட்டு, மணி இல்லை. வலது பக்கம் போய் நின்றேன். பதினான்கு முறை அடித்தது. அந்த அம்மாள் முகம் சுளிக்காமல் மூன்றாம் முறையும் போட்டார். நடனமாடுகிறேன் என்று நினைத்திருப்பார். அந்தப் பாட்டு ஓடிய குறுந்தகட்டை விலைக்கு வாங்கிக்கொண்டேன். பஸ் போய்விட்டது.

மறுநாள் காலை எட்டு மணி, அங்கே இரவு ஏழரை. என் பழைய நோட்டில் இருந்த எண்ணுக்குப் போட்டேன்.

"யாருங்க?"

"பாய், மணி இருக்குங்க."

"எந்த மணி? யாரு பேசறது?"

"ஏழாவது பாட்டுல. பதினாலு தடவை அடிக்குது."

டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது. "கணக்கு சாரா? பதினாலா? நான் எங்க எண்ணினேன். இருக்குதுன்னுதானே சொன்னேன்."

"நான் கையை நீட்டியிருக்கணும் பாய். நாலு பேரு முன்னால உங்களைப் பொய்யராக்கிட்டேன். தப்பு என்னோடது."

"இத்தினி வருசம் கழிச்சி, அதுவும் ஐஎஸ்டி போட்டு" என்று சிரித்தார். சிரிப்பு நடுவில் அறுந்தது. "பேஜாரு பண்ணிட்டீங்க சார் அன்னிக்கு. வூட்டுல பசங்ககூட மணி பாய்னு கூப்டுச்சிங்க." பிறகு அவரே கேட்டார். "சரி, உங்க பக்கம் இன்னா இருந்துச்சி?"

இரண்டாவது பாட்டு தொடங்கும் முன் ஒருவன் அடிக்குரலில் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணுவான் என்றேன்.

"அட! அந்த எடத்துல தெனமும் நீங்க வாயை அசைப்பீங்க. மனுசனுக்கு எண்ணுற வியாதி முத்திப்போச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

குறுந்தகட்டை அவருக்கே அனுப்பினேன். "அப்போ உங்களுக்கு?" என்றாள் மனைவி. என்னிடம் கேசட் இருக்கிறது, அதைப் போடத்தான் இங்கே பெட்டி இல்லை. மூன்று வாரம் கழித்துத் தபால் போய்ச் சேர்ந்தது. இப்போதெல்லாம் ரயில் ஜல்தியாகப் போய்விடுகிறதாம், ஏழாவது பாட்டு வருவதற்குள் விழுப்புரம் வந்துவிடுமாம். அதனால் பாய் அதை வீட்டுக் கணினியில் போட்டார். போனை வலது பக்க ஒலிபெருக்கியோடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு இங்கே காலை, ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. என் வலது காதில் அந்த வண்டி. போன் வைத்த இடது காதில் விக்கிரவாண்டி, அவர் பக்கத்துப் பாட்டு. மணி அடிக்கத் தொடங்கியது. இந்த முறை நான் எண்ணவில்லை.

குறுந்தகடு இரண்டு டாலர், உறை ஒன்றேகால், தபால் பதினொன்று நாற்பது, போன் கார்டு இரண்டுக்குப் பத்து டாலர். மொத்தம் இருபத்து நான்கு டாலர் அறுபத்தைந்து சென்ட்.